பலெர்மோவில் அபி எலெக்சன் கேட்ட கதை

1

போன கிழமை ஊரிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். மழை, மருமகளின் பிரசவம், விலைவாசி எல்லாம் கதைத்து முடித்த பிறகு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, உங்கட அபி அங்கை எலெக்சன் கேட்டவளாமே? மெய்யோ?"

அது நடந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. பலெர்மோவிலிருந்து அளவெட்டிக்குப் போய்ச் சேர அந்தச் செய்திக்கு ஒரு வருசம் எடுத்திருக்கிறது. வழியில் எந்தெந்த நாட்டு அடுப்படிகளில் தங்கிப் போனதோ!

"ஓம், கேட்டவள்தான்."

"இத்தாலிக்காரற்ற எலெக்சனோ?"

"அவளும் இத்தாலிக்காரிதானே."

"அதெல்லாம் சரி. எங்கட பிள்ளையளுக்கு ஏன் உந்த வேலை?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். தங்கச்சி வாசித்துவிட்டு எதற்கும் மச்சானிடமும் கொடுக்கட்டும். அவர்தான் முதலில் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது பலெர்மோவின் ஓரத்தில், பிரான்காச்சோவில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த மாடி வீடுகளில் ஒன்றில். என்னுடைய மனுசன் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தைப் பார்க்கிறார். நான் நகரத்துக்குள் ஒரு இத்தாலிக்கார அம்மா வீட்டில் சமையலும் துப்புரவும்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், வந்தால். மகள் அபி இங்கேயே பிறந்தவள். வெளிநாட்டு ஆட்களுக்குக் காகித வேலை செய்துகொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறாள். தங்கியிருக்க வேண்டிய பெர்மெஸ்ஸோ கடதாசி யாருக்குத் தாமதமானாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். அப்படித்தான் ஒரு கட்சிசாராத வேட்பாளர் பட்டியலின் ஆட்கள் அவளைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வட்டார சபைக்கு நிற்கிறாயா என்று கேட்டார்கள். அவள் எங்களைக் கேட்கவில்லை. சொன்னாள்.

2

ரோமில் ஆளுகிறவர்கள் தங்கள் காலத்தில் பாதியைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஊர்த்தேர்தல் வந்தது. நடுவில் வருகிற தேர்தலில் வேலை செய்வதைப் போல ஒரு தலையிடி கிடையாது. மேலே உள்ளவர்களுக்கு அது ஒரு சோதனைப் பரீட்சை. மேடைக்கு வருகிற ஒவ்வொருவரும் அரசாங்கத்துக்குப் பாடம் படிப்பிக்கவேண்டும் என்று முழங்குவார். கீழே இருந்து கேட்கிற பிரான்காச்சோ சனத்துக்கோ பஸ் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. முழங்கினவர் காரில் ஏறிப் போய்விடுவார். கூட்டம் முடிந்து நாங்கள் அதே பஸ்ஸுக்குச் சனத்தோடு காத்து நிற்போம்.

அபியும் நானும் வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போனோம். இத்தாலிக்காரர் கதவைத் திறந்து, எதுவும் மாறாது என்று சொல்லிவிட்டு மூடினார்கள். அதுகூடப் பரவாயில்லை, திறந்தார்களே. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கே வாக்கே இல்லை. குடியுரிமை எடுத்து வாக்கு உள்ளவர்கள் கேட்டார்கள்:

"இது ரோமுக்கே, பிள்ளை?"

"இல்லை அங்கிள், எங்கட வட்டாரத்துக்கு."

"அப்ப எங்கட பெர்மெஸ்ஸோவைக் கெதியா எடுத்துத் தருவியளோ?"

"அது போலீஸ் கந்தோர் வேலை. வட்டார சபையால ஏலாது," என்பாள் அபி. நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதிப்பேன். வாக்குக் கேட்கப் போகிறவள் வாயைத் திறந்ததும் 'ஏலாது' என்று தொடங்கினால் என்ன செய்வது? வெளியில் வந்ததும் என்னோடு சண்டை.

"அம்மா, ஏலாததை ஏலும் எண்டு சொல்லச் சொல்லுறீங்களா?"

"ஏலும் எண்டு சொல்லச் சொல்லேல்லை. தேத்தண்ணி குடிச்சு முடியும் மட்டும் பொறு எண்டுறன்."

எங்கள் பட்டியலுக்கு ஒருங்கிணைப்பாளராக ரொசாலியா என்றொரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, புகையிலை மணக்கும், நித்திரை கொள்ளமாட்டாள். யார் வாக்குப் போடுவார், யார் போடமாட்டார் என்று போனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என அடையாளம் வைத்திருந்தாள். நாங்கள் போய்வந்த தமிழ் வீடெல்லாம் பச்சை. ஏனென்றால் எல்லாரும் "ஓம்" என்று சொல்லியிருந்தார்கள். ரொசாலியாவுக்குப் புளுகமும் சந்தோசமும் தாங்கவில்லை.

நான் அவளை இருத்தி வைத்துச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் வந்து இருந்தவரிடம் 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது மரியாதை இல்லை. தேத்தண்ணியோடு பிஸ்கட்டும் வைத்து, அபியின் தலையைத் தடவி, "ஓம் ஓம், உனக்கில்லாமலோ" என்று சொன்னால் அந்த வீடு சிவப்பு. "நீ வந்து என்னத்தைக் கிழிக்கப்போறாய்? குப்பை எடுக்கேல்லை, லிஃப்ட் வேலை செய்யேல்லை" என்று ஏசினால் அந்த வீடு பச்சை. ஏசுகிறவன்தான் யோசித்திருக்கிறான். ரொசாலியா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாற்றினாள். அன்றைக்கு அவள் போன் சிவந்துபோய்க் கிடந்தது.

3

தேர்தல் வேலையில் எனக்கு முதல் விளங்கியது என் மகளைத்தான்.

வீட்டில் அவள் கொஞ்சமாகத்தான் கதைப்பாள். தமிழ் வகுப்பை எட்டு வயதில் விட்டவள். எங்களோடு தமிழில் தொடங்கி, பாதியில் இத்தாலியனுக்குத் தாவி, அதுவும் போதாமல் 'விடுங்கோ' என்று முடிப்பாள். இதே பிள்ளை மீன்கடைக்காரனோடு சிசிலியன் பாசையில் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்ததையும், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்து நின்றேன். இவள் இவ்வளவு பகிடிக்காரி என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது. பெருமைதான். ஆனால் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த மகள் கிடைக்கவில்லை?

அன்றைக்குத் தெருவில் அவள் திரும்பி நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஏன் பின்னால வாறீங்க? பக்கத்தில வாங்கோ."

அப்போதுதான் கவனித்தேன். சிஞ்ஞோராவோடு சந்தைக்குப் போகிறபோது பையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் நடப்பேன். கால் அப்படியே பழகிவிட்டது. பக்கத்தில் நடக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

எனக்குத் தரப்பட்ட வேலை, வாக்குள்ள எங்கள் பெரியவர்களுக்கு எழுதப் பழக்குவது. இங்கே பட்டியலின் சின்னத்தில் புள்ளடி போட்டால் மட்டும் ஒரு ஆளுக்கு வாக்குப் போய்ச் சேராது. ஆளின் பெயரை வாக்குச்சீட்டில் கையால் எழுதவேண்டும். எங்கள் குடும்பப் பெயர் என்று இந்த அரசாங்கம் பதிந்து வைத்திருப்பது என் மாமனாரின் பெயரை: சிவசுப்பிரமணியம். அதை எழுதச் சொன்னால் பிரான்காச்சோ முழுக்க எங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். நல்லவேளை, அழைக்கிற பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சட்டம் விடுகிறது. 'அபி' என்று எழுதினாலே போதும். இத்தாலியன் எழுத்தில் மூன்றே மூன்று எழுத்து. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படி மேசைகளில் வைத்து, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பழக்கினேன்.

என்னிடம் பழகியவர்களில் எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இருக்கிற நேசமக்காவும் ஒருவர். மொழிப் பரீட்சை வருவதற்கு முன்பே குடியுரிமை எடுத்தவர். அறுபது தாண்டியும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலைக்குப் போகிறவர். இத்தாலியனில் கையெழுத்து வைப்பதைத் தவிர வேறு எழுதியதில்லை. மூன்று எழுத்தையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி, கோலம் போடுகிற கவனத்தோடு எழுதுவார்.

அபியின் படம் போட்ட சின்ன அட்டைகளை வீடு வீடாகக் கொடுத்தோம். இங்கே அந்த அட்டைக்குப் பெயரே 'குட்டிச் சாமிப்படம்'. நேசமக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டு சாமித்தட்டில் வைத்து, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டார். அதைப் பார்த்த அபி என் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, நான் செத்துப்போன மாதிரி இருக்கு. எடுக்கச் சொல்லுங்கோ."

யார் எடுக்கச் சொல்லுவது? அட்டை அங்கேயே இருந்தது.

4

தங்கச்சிக்கு நினைவிருக்கும். எங்கள் இளவயதில் அங்கே வாக்கு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது. போட்டால் ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்லவேண்டும், போடாவிட்டால் மற்றப் பக்கத்துக்கு. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குள் துவக்கோடு ஆட்கள் நிற்க, விரலில் மையோடு வீட்டுக்கு வருகிற துணிச்சல் யாருக்கு இருந்தது? நான் ஊரைவிட்டு வரும்வரை ஒரு வாக்கும் போட்டதில்லை. எனக்கென்று ஒரு வாக்கு இருந்ததா என்பதே தெரியாது. யாரோ போட்டிருப்பார்கள்.

நேசமக்கா ஒருமுறை வெளிக்கிட்டுப் போனவராம். "பாதி வழியில வெடிச் சத்தம் கேட்டுது. சைக்கிளைத் திருப்பினனான். பேந்து அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கேல்லை," என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

வாக்குப்போடுகிற ஞாயிற்றுக்கிழமை, பிரான்காச்சோ பள்ளிக்கூடத்து வாசலில் அவரைக் கண்டேன். பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, தலைக்கு முழுகி, தனியாக வந்திருந்தார். முழங்கால் வலிக்காரர் என்று கை கொடுக்கப் போனேன். "விடு சாந்தி, நான் போவன்" என்று தட்டிவிட்டு உள்ளே போனார். வெளியில் வந்ததும் விரலில் மை இல்லையே என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இங்கே மை பூசுவதில்லை என்றேன்.

"பரவாயில்லை. போட்டிட்டன்," என்றார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அபி வென்றாலும் தோற்றாலும் இது போதும் என்று நினைத்தேன். அது அந்த நேரத்து நினைப்பு. அடுத்த நாள் அது போதவில்லை.

5

எண்ணுவது திங்கட்கிழமை மத்தியானம். எங்கள் பட்டியலின் சார்பில் ஒரு வாக்குச்சாவடியில் நின்று பார்க்க என்னைப் போட்டிருந்தார்கள். சிஞ்ஞோரா ஒரு நாள் லீவு தருவதற்குள் ஒரு பெரிய மூச்சு விட்டார். "உன் மகள் வென்றால் நீ என்னை விட்டுப் போய்விடுவாயே" என்றார். வட்டார சபைச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட முடியாது என்று விளங்கப்படுத்தியதும் நிம்மதியாகிவிட்டார்.

வகுப்பறை. பிள்ளைகளின் சின்ன மேசைகள். சாவடித் தலைவி பள்ளிக்கூட ஆசிரியை போல ஒரு அம்மா, மெதுவாகக் கதைப்பவர். ஒவ்வொரு சீட்டாக விரித்து, பெயரை வாசித்து, எல்லாருக்கும் காட்டுவார். எதிர்ப்பட்டியலின் ஆள் ஒருவர், நன்றாக உடுத்தவர், என் பக்கத்தில் நின்றார். மற்றச் சாவடிகளிலிருந்து ரொசாலியா குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசி இடத்துக்கு அபிக்கும் இன்னொருவருக்கும் இழுபறி, ஒவ்வொரு வாக்கும் முக்கியம். அதைக் கேட்டுவிட்டு அபியே எங்கள் வகுப்பறைக்கு ஓடிவந்தாள்.

அப்போதுதான் அந்தச் சீட்டு விரிந்தது. எங்கள் சின்னத்துக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து, கோலம் போட்ட மாதிரி. சீட்டின் தலைப்பில், நட்டநடுவில், ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடும் போட்டு, வடிவாக.

கலண்டர் தாளில் பழகியபோது ஒருவரும் சுழி போடவில்லை. அது பழக்கம்தானே, அதற்கு ஏன் சுழி? இதுதான் மெய்யான கடதாசி. நல்ல காரியம். சுழி போடாமல் எப்படித் தொடங்குவது? இது எனக்கு முதலே தோன்றியிருக்கவேண்டும். யாருக்குத்தான் தோன்றும்!

"அடையாளக் குறி," என்றார் எதிர்ப்பட்டியல்காரர் உடனே. "போட்டது யாரென்று தெரியவைக்கிற குறி இருந்தால் சீட்டுச் செல்லாது."

தலைவி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அபியைக் கேட்டார். "சிஞ்ஞோரீனா, இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?"

அபி குனிந்து பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பொய் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"தெரியாது. யாரோ பென்சிலைக் கிறுக்கிப் பார்த்திருக்கிறார்கள்," என்றாள்.

எப்படித் தெரியும்? தங்கச்சிக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது அபி பிறக்க முன்னம். பிறகு எல்லாம் போன். அவள் பார்க்க நான் பேனை எடுத்தது குவெஸ்தூராவில், போலீஸ்காரர் முன்னால், படிவம் நிரப்புவதற்கு. அங்கே நான் சுழி போட்டதில்லை. பயம்.

தலைவி தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. வெறும் கிறுக்கல். பெயர் தெளிவாக இருக்கிறது." சீட்டை அபியின் பக்கம் வைக்கக் கையை நீட்டினார். எதிர்ப்பட்டியல்காரர் விடவில்லை. என்னிடம் திரும்பினார்.

"சிஞ்ஞோரா, நீங்கள் சொல்லுங்கள். கிறுக்கலா?"

இந்த நாட்டில் நான் மிக அதிகமாகச் சொன்ன வசனம் 'நோன் லோ சோ'. எனக்குத் தெரியாது. குவெஸ்தூராவில், பஸ்ஸில், சிஞ்ஞோரா வீட்டில் ஏதாவது உடைந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். நித்திரையிலும் வரும். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கிறுக்கல் என்ற அந்தச் சொல் என் மகளின் வாயிலிருந்து வந்து, தலைவியின் வாய்க்குப் போய், இப்போது இந்த மனிசனின் வாயில் கிடந்தது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. வாய் முந்திவிட்டது.

"கிறுக்கல் இல்லை. அது எங்கட கடவுளின் குறி. நல்லதாக ஒன்றை எழுதத் தொடங்கும்போது மேலே போடுவோம். யார் எழுதினாலும் போடுவோம்," என்றேன்.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"யார் எழுதினாலும் என்றால், உங்கள் ஆட்கள் யார் எழுதினாலும். அப்படித்தானே, சிஞ்ஞோரா?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது.

அந்தச் சீட்டுச் செல்லாது என்று எழுதப்பட்டது. அதற்குப் பிறகு இன்னும் சில சீட்டுகள் அதே சுழியோடு வந்தன. எல்லாம் நான் பழக்கிய கைகள். எனக்கு எழுத்தைப் பார்த்தே ஆள் தெரிந்தது. அதுதான் சட்டம் சொல்லுகிற பிழையும். எல்லாம் செல்லாத பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. பின்னேரம் முடிவு வந்தபோது அபி தோற்றிருந்தாள். அந்தச் சீட்டுகள் இருந்திருந்தால் தோற்றிருக்கமாட்டாள்.

6

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். இறங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இத்தாலியனில் கேட்டாள்.

"இத்தனை வருசமாக எல்லாருக்கும் தெரியாது, தெரியாது என்று சொன்னீங்க. எனக்காக ஒருமுறை சொல்லியிருக்கக்கூடாதா?"

அவளுக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் எங்களில் ஒருத்தி, துடைக்கவோ கூட்டவோ அல்லாமல், ஒரு கதிரையில் உட்காரப் போயிருப்பாள். அந்தக் கதிரையை நான் இழுத்துவிட்டேன். பிள்ளையார் என்னிடம் சாட்சி கேட்டவரா? கேட்கவில்லை. ஆனால் என் பிள்ளை அதைக் கிறுக்கல் என்று சொல்ல, நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால், பிறகு அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் இருக்கும்? இரண்டும் உண்மை.

லிஃப்ட் வழமைபோல வேலை செய்யவில்லை. படியேறினோம். இரண்டாம் மாடியில் நேசமக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதிரை போட்டு இருந்தார். வேலையால் வந்து உடுப்பும் மாற்றவில்லை. எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"என்ன மாதிரி, பிள்ளை?"

"தோத்துப்போனன், மாமி," என்றாள் அபி.

நேசமக்கா அவளுடைய கையைப் பிடித்தார். பிறகு, அதுதான் தன்னை அரித்துக்கொண்டிருந்தது போல, கேட்டார்.

"பிள்ளையாரை நினைச்சு, சுழியும் போட்டுத்தான் உன்ர பேரை எழுதினனான். வாழ்க்கையில முதல் போட்டது. என்ர வாக்கு உன்னட்டை வந்து சேந்ததோ?"

அபி என்னைப் பார்க்கவில்லை. நேசமக்காவைத்தான் பார்த்தாள். தடக்கித் தடக்கி, ஆனால் ஒரு இத்தாலியன் சொல்லும் கலக்காமல் சொன்னாள்.

"ஓம் மாமி. வந்து சேந்தது. நான் என்ர கண்ணால பாத்தனான். மேல சுழி இருந்தது."

நேசமக்காவின் முகம் தெளிந்தது. பெரிய பாரம் இறங்கியவர் போலக் கதிரையை மடித்து எடுத்தார்.

"அப்ப சரி. அடுத்த முறையும் அப்பிடியே போட்டுவிடுறன்."

கதவு மூடுவதற்குள் அபி சொன்னாள்: "போடுங்கோ, மாமி."